மேற்படி மரம்

நகரசபையின் மரப் பிரிவில் ஒரு படிவம் உண்டு. ஒரு மரத்தை வெட்டலாமா கூடாதா என்று சொல்வதற்கு முன்னால் மர ஆய்வாளர் அந்த மரத்தடியில் நான்கு தடவை போய் உட்கார வேண்டும். காற்றுக்காலம், மழைக்காலம், குளிர்காலம், கோடை என்று பருவத்துக்கு ஒரு தடவை. விடிந்ததிலிருந்து ஒரு மணி நேரம். வந்த பறவை, பூச்சி, பூ, கனி, கூடு, பொந்து எல்லாவற்றையும் நான்கு கட்டங்களில் எழுத வேண்டும். இந்த விதியைப் போட்ட மகராசன் யாரென்று யாருக்கும் தெரியாது. காலையில் சீக்கிரம் எழுகிற வியாதி உள்ளவராக இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிச்சயம்.

நம் ஆய்வாளருக்கு அந்த வியாதி இல்லை. மற்றபடி அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருபத்திரண்டு வருட வேலையில் ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. புதிதாக வெட்டிய அடிக்கட்டையைப் பார்த்தால் அவர் முகம் வாடிப்போகும். கோப்பு மட்டும் அவர் மேஜை இழுப்பறைக்குள் போனால், அங்கே குறட்டை விட்டுத் தூங்கும்.

மருத்துவமனைப் பின்கட்டு மகிழ மரத்தின் கோப்பும் அப்படித்தான் தூங்கியது. அந்த இடத்தில் ஆம்புலன்ஸ் நிறுத்தக் கொட்டகை போட வேண்டும், மரத்தை அகற்றித் தாருங்கள் என்று மருத்துவமனை எழுதியிருந்தது. கோப்பு உள்ளே போய்ப் பத்து மாதமாயிற்று. காற்று அடித்து ஓய்ந்தது, மழை பெய்து விட்டது, குளிரும் போய்விட்டது. கோடையில் ஒருநாள் முழங்கால் வலிக்காக அதே மருத்துவமனைக்கே அவர் போக வேண்டி வந்தது. டோக்கன் நம்பர் நாற்பத்தொன்று. உள்ளே பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. சரி, வந்தது வந்தோம் என்று பின்கட்டுக்குப் போனார்.

நண்பகல். மரம் அடர்ந்து, இருண்டு, ஒரு இலைகூட அசையாமல் நின்றது. அதன் நிழலில் நின்றபோது உடம்பு குளிர்ந்தது. அண்ணாந்து பார்த்தார். இலை. இன்னும் கொஞ்சம் கழுத்தை வளைத்துப் பார்த்தார். இன்னும் இலை. பையிலிருந்து படிவத்தை எடுத்து, கோடைக் கட்டத்தில் எழுதினார்: ‘பறவை: இல்லை. கூடு: இல்லை. பூ, கனி: இல்லை. பொது: என்றும் பசுமையான மரமாதலால் பருவத்துக்குப் பருவம் மாற்றம் காண்பதற்கில்லை.’

கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை படித்தார். தனக்குள் ஒரு எழுத்தாளன் இருக்கிறான் என்று அவருக்குப் பட்டது. இலை உதிர்க்கிற மரமாக இருந்தால் நான்கு தடவை வந்து பார்ப்பதில் ஒரு நியாயம் உண்டு. எப்போதும் ஒரே மாதிரி நிற்கிற மரத்தை நான்கு தடவை பார்த்து என்ன ஆகப்போகிறது? மற்ற மூன்று கட்டங்களிலும், கழிந்துபோன மூன்று பருவங்களின் ஏதோ மூன்று தேதிகளைப் போட்டு, ‘மேற்படி’, ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று எழுதினார். உள்ளேயிருந்து இருபத்திரண்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். மொத்தம் ஒன்பது நிமிடம்.

நாலு வாரத்தில் ஆணை வந்துவிட்டது. சனிக்கிழமை வெட்டு. அதற்கு முன்னால் ஆய்வாளர் போய், நெஞ்சு உயரத்தில் மஞ்சள் வளையம் வரைந்து எண் போட வேண்டும். வியாழன் காலை பத்து மணிக்கு ஒரு கையில் பெயின்ட் டப்பாவும் மறு கையில் தூரிகையுமாகப் போனார். மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பார்க்க ரம்பக்காரரும் கூட வந்தார்.

மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆறு கொடிகள் கட்டியிருந்தன. சலவைப் பிரிவு அம்மா ஒருவர் விரிப்புகளை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கைகள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

“மஞ்சப் பெயின்டா? அப்ப வெட்டப் போறீங்க,” என்றார் அவர். “ஒரு வழியா வந்தீங்களே. மூணு வருஷமா எழுதிக் குடுத்துட்டு இருக்கேன்.”

“மரம் உங்கள என்னம்மா பண்ணிச்சு?” என்றார் ரம்பக்காரர்.

“என்ன பண்ணிச்சா? துவைச்சு, அலசி, பிழிஞ்சு, காயப்போட்டுட்டு உள்ள போயி ஒரு வாய் டீ குடிக்கிறதுக்குள்ள பொட்டு வெச்சிடும். ஒரு விரிப்புக்கு ரெண்டு தடவ துவைக்கிறேன் நான். மழைன்னா மூணு தடவ.”

“வேற எடத்துல காயப்போடலாமே?”

“எங்க? உங்க தலையிலயா? மொட்டை மாடி பூரா தண்ணித் தொட்டி. முன்னால டாக்டருங்க வண்டி.” கிளிப்பை வாயிலிருந்து எடுத்துக் கொடியில் குத்தினார். “எப்படியோ போகட்டும். வெட்டுங்க. பாக்கத்தான் நான் இங்க இருக்கமாட்டேன்.”

“ஏன், ரிடையர் ஆகுறீங்களா?” என்று கேட்டார் ஆய்வாளர். மரியாதைக்குக் கேட்டதுதான். கேட்காமலிருந்திருக்கலாம்.

“வெரட்டுறாங்க சார். நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. சோப்புத்தூளத் திருடுறேனாம்.” அவர் சிரித்தார், ஆனால் கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. “எவனோ மர ஆபீசராம். வந்து பாத்தானாம். இந்த மரத்துல பறவையே இல்ல, வருஷம் பூரா ஒரு காக்கா குருவி கூட கெடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டானாம். நிர்வாக அலுவலர் கேக்குறாரு: பறவையே இல்லன்னா எச்சம் எங்கேருந்து வந்துச்சு? எச்சம் இல்லன்னா மறுசலவை எதுக்கு? மறுசலவை இல்லன்னா நீ வாங்கின சோப்புத்தூள் எங்க போச்சு? நல்லாத்தான் கேக்குறாரு. நான் என்ன பதில் சொல்றது?”

ரம்பக்காரர் சட்டென்று மரத்தின் உச்சியை ஆராயத் தொடங்கினார். ஆணையோடு வந்த அறிக்கையின் அடியில் இருந்த கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

“நீங்களே சொல்லுங்க சார். நீங்களும் மர ஆபீசுதானே. அந்த ஆளு மனுஷனா?”

இதுதான் தருணம். ‘நான்தாம்மா அது’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆய்வாளர் வாயைத் திறந்தார்.

“மோசமான ஆளுதான்,” என்றது வாய்.

“கண்ணு இருக்கா அவனுக்கு?”

“இருக்கும். பவர் கூடியிருக்கும்.” சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நேர்ல பாத்தேன்னா நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேப்பேன்.”

“கேக்கணும்மா. கண்டிப்பா கேக்கணும். இந்த மாதிரி ஆளுங்கள சும்மா விடக்கூடாது.”

தன்னைத் தானே திட்டிக்கொள்ளாத மனிதன் உலகத்தில் கிடையாது. ஆனால் பாதிக்கப்பட்டவரோடு கூட்டுச் சேர்ந்து, தலையை ஆட்டி ஆட்டி, அவரைவிட ஒரு படி மேலே போய்த் திட்டி நல்ல பெயர் வாங்குவதற்கு ஒரு தனித் தோல் வேண்டும். தனக்கு அது இருக்கிறது என்பது ஆய்வாளருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாததால் எதிரே இருந்த முகம் நல்லவேளையாக மங்கலாகத் தெரிந்தது.

அந்த நல்லவேளையும் நீடிக்கவில்லை. “நீங்க நல்ல மனுஷனா இருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சலவை அறைக்குள் போய் ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார். “மறுசலவை நோட்டு. நாளைக்கு இதத்தான் காட்டப் போறேன். படிச்சவங்க நீங்க, ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க. பொய் மாதிரி தெரியுதா?”

சலவை அறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட தொட்டியின்மேல் உட்கார்ந்து ஆய்வாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தேதி, எத்தனை உருப்படி, காரணம் என்று மூன்று பத்தி. எழுத்து, கொடியில் கிளிப் குத்திக் காயப்போட்ட மாதிரி ஒரே சீராக இருந்தது.

காற்றுக்காலத்தில் தொடங்கினார். ‘விரிப்பு 9. பூ. விடியும்போது கொட்டியது. ஈரத்தில் ஒட்டிப் பழுப்புக் கறை.’ அடுத்த நாள்: ‘தலையணை உறை 6. பூவுக்குள் தேனீ. ஒன்று ஆண்கள் வார்டு வரை போனது.’ அதற்கடுத்து: ‘விரிப்பு 4. மிளகு மாதிரி கறுப்பு. புழுவின் எச்சம். புழுவைக் கரிச்சான் கொத்தியது, மீதியும் விரிப்பில்.’

மழைக்காலத்தில் எண்ணிக்கை ஏறியது. ‘விரிப்பு 14. மைனா. எண்ண முடியவில்லை. மழைக்கு ஒதுங்கின.’ ‘விரிப்பு 11. மைனா, புறா, நனைந்த காக்கை. அணில் ஒன்று கொடியில் உட்கார்ந்து உடம்பை உதறியது.’ குளிர்காலத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஆரஞ்சு: ‘பழம். கிளி பாதி தின்று பாதி போடுகிறது.’ ‘பழம். குயில். கறை போகவில்லை.’ ‘பழம். வௌவால் ராத்திரி சவைத்துத் துப்பிய சக்கை, காலையில் கொடி முழுக்க.’ ஒரு இடத்தில் மட்டும் காரணத்துக்குப் பதிலாகச் சொந்தக் கருத்து இருந்தது: ‘நானும் ஒன்று தின்றேன். வாய் பஞ்சாகிவிட்டது. இதற்கா இவ்வளவு சண்டை.’

கோடைக்கு வந்தபோது அவர் விரல் பக்கத்தைப் புரட்டத் தயங்கியது. ‘மற்ற மரமெல்லாம் மொட்டை. எல்லாம் இங்கேதான் வருகிறது.’ ‘விரிப்பு 2. மயிர் உருண்டை. பிரித்தால் உள்ளே எலி எலும்பு. பொந்தில் ஆந்தை, குஞ்சு மூன்று.’ ‘கட்டுத்துணி 3. நூல் உருவியிருக்கிறது. தேன்சிட்டு. கூட்டுக்கு.’ பிறகு, அவர் முழங்கால் வலியோடு வந்த தேதி. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ‘விரிப்பு 5. கிளி, குயில். மதியம் வெயிலுக்கு எல்லாம் இலைக்குள் அடங்கிவிடும். சத்தமே வராது. நாலு மணிக்கு மறுபடி.’

அவருடைய ஒன்பது நிமிடத்தில் தலைக்குமேல் ஒரு ஊரே மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறது. அவர் கீழே நின்று ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார்.

“என்ன சார், பேச்சக் காணோம்? பொய்யா?”

“இல்லம்மா.” நோட்டை மூடினார். “உண்மைதான்.”

“இதுல பாதிப் பக்கத்த நகல் எடுத்து, மரத்த வெட்டச் சொல்லி மனுவோட வெச்சுக் குடுத்தேன். அந்த ஆளு அதையாச்சும் பொரட்டிப் பாத்திருக்கலாம்ல?”

கோப்பின் பின்பக்கத்தில் குண்டூசி குத்தி ஏதோ தாள்கள் இருந்தது ஆய்வாளருக்கு நினைவு வந்தது. அந்தக் குண்டூசி அவர் விரலில் குத்தியதும் நினைவு வந்தது. மரத்துக்கு வளையம் போடாமலே, பெயின்ட் காயவில்லை என்று திறக்காத டப்பாவைக் காட்டி ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தார். “நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்று ரம்பக்காரரிடம் சொன்னார்.

“நாளைக்குத்தான் சார் அந்தம்மாவ வெரட்டிடுவாங்க,” என்றார் ரம்பக்காரர். சொல்லிவிட்டுத் தன் வழியே நடந்தார். திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்று ஆய்வாளருக்கு இருந்தது.

சாயங்காலம் அடுக்களையில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார், கிழித்தார், எழுதினார். மூன்றாவதை அவள் கையை நீட்டி வாங்கிப் படித்தாள்.

“‘படிவத்தில் நேர்ந்த சிறு எழுத்துப் பிழை காரணமாகப் பறவைகள் விடுபட்டுள்ளன.’ என்னங்க இது? பறவைங்க எப்படி விடுபடும்? ரேஷன் கார்டா?”

அவர் முழுக் கதையையும் சொன்னார். முழங்கால், டோக்கன், மேற்படி எல்லாம். மூன்றாவது ‘மேற்படி’யில் அவள் சிரிக்க ஆரம்பித்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. தன் கதையைச் சிரிக்கிற மாதிரி சொல்லத் தெரிந்தவனுக்கு அது ஒரு சௌகரியம்.

“அப்புறம், அந்தம்மாகிட்ட நீங்கதான்னு சொன்னீங்களா?”

“சொல்லல.”

“சரி, சும்மா வந்துட்டீங்க.”

“சும்மா வரல. அவங்களோட சேர்ந்து நானும் திட்டினேன். நல்ல மனுஷன்னு சொன்னாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கத்தியை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினாள். பிறகு நறுக்கிய காயின் தோலை வழித்து எடுத்து அந்தக் கடிதத்தின்மேல் போட்டு, நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. முப்பது வருடத்தில் அவள் திட்டாமல் விட்டது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை அலுவலகத்தில் கோப்பைக் கடைசித் தாள்வரை படித்து, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு, பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நிர்வாக அலுவலரின் கதவைத் தட்டினார். அந்த அம்மா நாற்காலியின் நுனியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தனக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

நிர்வாக அலுவலரின் முகமும் மலர்ந்தது. “வாங்க சார், வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க அறிக்கைதான் எங்களுக்கு முக்கிய ஆதாரம். உக்காருங்க.”

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் ஆய்வாளர் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அவர் முகம் சிவந்தது, தலை குனிந்தது. தெரியாத ஒருவரிடம் மனம் விட்டுப் பேசியதற்கு, நோட்டைக் கொண்டுவந்து நீட்டியதற்கு, நல்ல மனுஷன் என்று சொன்னதற்கு அவர்தான் வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டிய ஆள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் உக்காரல சார்,” என்றார் ஆய்வாளர். “அந்த அறிக்கை பொய். நாலு தடவ போகல. ஒரு தடவதான் போனேன், அதுவும் மத்தியானம், ஒன்பது நிமிஷம். மத்த மூணு தேதியும் நானாப் போட்டது. இந்தம்மா எழுதினது எல்லாம் உண்மை.”

“உங்க கையெழுத்துதானே சார் இது?”

“ஆமா சார்.”

“அப்படின்னா எப்படி சார்? அரசாங்க ஆவணம் இது.”

“இந்தம்மா மனுவும் அதே கோப்புலதான் இருக்கு. பறவை தொந்தரவு தாங்கலன்னு. அதுக்குக் கீழ ‘பரிந்துரைக்கப்படுகிறது’ன்னு உங்க கையெழுத்து இருக்கு.”

ஆய்வாளர் நீட்டிய கோப்பை நிர்வாக அலுவலர் பின்னாலிருந்து புரட்டினார். குண்டூசி அவர் விரலிலும் குத்தியது. தன் கையெழுத்தைப் பார்த்தார். மின்விசிறியை ஒரு தடவை பார்த்தார். ஒரே மரத்தில் பறவை அதிகம் என்பதற்கும் பறவை அறவே இல்லை என்பதற்கும், இரண்டுக்குமாகச் சேர்த்து மரத்தை வெட்டச் சொல்லிய கோப்பு அது. இத்தனை மேஜை தாண்டி வந்தும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

“நீங்க போகலாம்மா,” என்றார் கடைசியில். “விசாரணை… தேவைப்படல.”

அந்த அம்மா எழுந்தார். ஆய்வாளரைக் கடந்து போகும்போது நின்று, மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “எழுதினதக் கூட விட்டுடுவேன் சார். எங்கூட நின்னு தலையாட்டினீங்க பாருங்க.”

வெட்டு ஆணை நிறுத்தப்பட்டது. நகரசபையில் ஆய்வாளருக்கு ஒரு மெமோ, ஒரு வருட ஊதிய உயர்வு ரத்து, எல்லாம் முறைப்படி கிடைத்தன. தலைமை ஆய்வாளர் அவரைவிடப் பதினைந்து வயது இளைய பெண். கோபமாகப் பேசவே இல்லை. “நாலு பருவமும் நீங்களே போங்க சார். ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்துல அங்க இருக்கிற யார்கிட்டயாவது கையெழுத்து வாங்கிட்டு வாங்க,” என்றார். விடியற்காலையில் அந்தப் பின்கட்டில் இருக்கிற ஆள் ஒருத்தர்தான்.

காற்றுக்காலம் தொடங்கியிருந்தது. கடிகாரத்தில் மூன்று அலாரம் வைத்து எழுந்து, முதல் பேருந்தைப் பிடித்துப் போனார். தரையெல்லாம் சின்னச் சின்னப் பூ. அவர் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததை அந்த அம்மா பார்த்தார், திரும்பி அடுத்த விரிப்பை உதறினார். ஒரு மணி நேரம் முழுக்க எழுதினார். தேனீ, கரிச்சான், மைனா, கிளி, இரண்டு அணில். பொந்துக்கு வெளியே தலையை நீட்டிய ஆந்தை அவரைப் பார்த்த பார்வை நிர்வாக அலுவலரின் பார்வை மாதிரியே இருந்தது. அதை எழுதவில்லை. ‘கூடு’ என்ற இடத்தில், எவ்வளவு பார்த்தும் கண்ணில் படாததால், ‘இல்லை’ என்று எழுதினார்.

படிவத்தை நீட்டினார். அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“மேல ஏறிப் பாத்தீங்களா?”

“இல்லம்மா.”

“கிளையெல்லாம் வெலக்கிப் பாத்தீங்களா?”

“இல்ல.”

அவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆய்வாளருக்குக் காது மடல் சுட்டது. திருந்தி வந்தவன் என்று கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். ‘இல்லை’யை அடித்துவிட்டு, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதி நீட்டினார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

“கோவம் போயிடுச்சுன்னு நெனைச்சுக்காதீங்க. பாத்து எழுதினதுக்குக் கையெழுத்து. அவ்வளவுதான்.”

“சரிம்மா.”

அவர் எழுந்து நாற்காலியை மடக்கும்போது மேலேயிருந்து இடது தோளில் ஏதோ பொத்தென்று விழுந்தது. சாம்பல், நடுவே வெள்ளை. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பக்கத்திலேயே தொட்டியில் சோப்பு நுரை பொங்கி நின்றது. ஆய்வாளரின் கண் தன்னையறியாமல் அந்தப் பக்கம் போனது.

“அதெல்லாம் முடியாது சார்,” என்றார் அந்த அம்மா. “வெளியாளு துணியத் துவைச்சேன்னு நாளைக்கு எவனாச்சும் எழுதிக் குடுப்பான்.”

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு கொடிப் பக்கம் போய்விட்டார். ஆய்வாளர் படிவத்தைப் பைக்குள் வைத்து, நாற்காலியை இடுக்கிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். அலுவலகம் போகிற கூட்டம். பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“சார், சட்டையில ஏதோ பட்டிருக்கு.”

“தெரியுங்க,” என்றார் ஆய்வாளர். “மைனா.”